விமானியின் ஓய்வு யாருக்கு உரியது?

2025 டிசம்பர் முதல் வாரத்தில் நாடெங்கும் ஆயிரக்கணக்கான விமானச் சேவைகள் இரத்தானபோது, அதுவரை விமானத்துறையினர் மட்டுமே அறிந்திருந்த ஒரு தொடர் நாளிதழ்களின் முதற்பக்கத்துக்கு வந்தது: ‘விமானிகளின் பணிநேர வரம்பு’. நவம்பர் 1ஆம் நாள் முழுமையாக நடைமுறைக்கு வந்திருந்த புதிய விதிகள், விமானியின் வாராந்தரத் தொடர் ஓய்வை 36 மணியிலிருந்து 48 மணியாக உயர்த்தியிருந்தன. பயணிகள் பட்ட அல்லலையும் நிறுவனங்களின் ஆயத்தமின்மையையும் பற்றிப் பலரும் எழுதினார்கள். எனக்கோ வேறொரு கேள்வி எழுந்தது. அந்த 48 மணி நேரத்தில் ஒரு விமானி தன் மகிழ்ச்சிக்காக ஒரு சிறு விமானத்தை ஓட்டலாமா? ஓட்டினால் அந்த நேரத்தை அவருடைய பணிக்கணக்கில் சேர்க்க வேண்டுமா?

பறப்புக் கழகங்கள் குறைவாக உள்ள நம் நாட்டில் இக்கேள்வி அற்பமாகத் தோன்றலாம். அமெரிக்காவிலும் பிரிட்டனிலும் அப்படியன்று. வாரம் முழுதும் பயணிகள் விமானத்தைச் செலுத்திவிட்டு, ஞாயிறன்று கிளைடரிலோ இருவர் அமரும் சிறு விமானத்திலோ ஏறிவிடும் விமானிகள் அங்கே உண்டு. மொழியியல் படித்த எனக்கு இதில் என்ன வேலை என்று கேட்கலாம். கேள்விக்கான விடை ‘ஓய்வு’ என்னும் ஒரு சொல்லின் பொருளில் அடங்கியிருக்கிறது என்பதே என் மறுமொழி.

முதலில் விதிகளைப் பார்ப்போம். 2014 ஜனவரியில் நடைமுறைக்கு வந்த அமெரிக்க விதிகளின்படி, பயணிகள் விமானத்தின் விமானி தொடர்ச்சியான 672 மணி நேரத்துக்குள், அதாவது 28 நாள்களுக்குள், 100 மணிக்கு மேல் பறக்கக் கூடாது. 365 நாள்களில் 1000 மணிக்கு மேல் கூடாது. விமான நிறுவனங்களுக்காகப் பறந்த நேரம் மட்டுமே இக்கணக்கில் ஏறும். சொந்த மகிழ்ச்சிக்காகப் பறந்தது ஏறாது. அதற்கு முந்தைய விதிகளோ, விமானி வேறிடத்தில் ஊதியத்துக்காகப் பறந்த நேரத்தையும் சேர்த்தே எண்ணின. பிரிட்டனின் விதிகள் நெடுங்காலம் எடையைக் கொண்டு கோடு கிழித்தன: 1600 கிலோவுக்குக் குறைந்த இலகு விமானத்தில் சொந்தமாகப் பறந்தால் கணக்கில்லை. ஆக, அதே விமானி, அதே வானம், அதே ஒரு மணி நேரம். ஓரிடத்தில் ஊதியமும் வேறோரிடத்தில் விமானத்தின் எடையும் அந்த மணி எண்ணப்படுமா என்பதை முடிவு செய்கின்றன.

இங்கேதான் எதிர்த்தரப்பினரின் வாதம் வலுப்பெறுகிறது. களைப்பு ஊதியச் சீட்டைப் பார்த்து வருவதில்லை. வெயிலில் ஆறு மணி நேரம் கிளைடர்களை இழுத்து மேலேற்றிய கண்களும் தோள்களும், மறுநாள் விடியலில் 180 பயணிகளோடு புறப்படும்போது அதை மறந்துவிடுமா? பாதுகாப்பே நோக்கமென்றால் எல்லாப் பறப்பையும் எண்ணுவதுதானே முறை? இது புறந்தள்ளத்தக்க வாதமன்று. ஆயினும் இதை நான் ஏற்கவில்லை.

2009 பிப்ரவரி 12 அன்று அமெரிக்காவின் பஃபலோ நகருக்கு அருகே கோல்கன் ஏர் நிறுவனத்தின் 3407ஆம் எண் விமானம் வீழ்ந்து 50 பேர் இறந்தனர். மேற்சொன்ன அமெரிக்க விதிகள் பிறக்க அவ்விபத்தே பெருந்தூண்டுகோல். துணை விமானி முந்தைய இரவு சியாட்டிலிலிருந்து நாட்டின் மறுகோடியில் உள்ள நூவர்க்குக்குப் பயணியாக வந்து பணியில் சேர்ந்தவர். விமானத் தலைவரும் இரவைப் பணியாளர் அறையில் கழித்தவர். சட்டத்தின் அகராதியில் அந்த இரவுப் பயணத்துக்கும் ‘ஓய்வு’ என்றே பெயர். ஏனெனில் சட்டம் ஓய்வை உறக்கம் என்றோ நிம்மதி என்றோ வரையறுப்பதில்லை. பணி இல்லாத நேரம் என்று எதிர்மறையாகவே வரையறுக்கிறது.

தமிழில் இச்சொல்லின் வேர் இன்னும் கூர்மையானது. மழை ஓய்ந்தது என்றால் நின்றது என்று பொருள். ஆள் ஓய்ந்துபோனான் என்றால் சோர்ந்துவிட்டான் என்று பொருள். நிற்பதையும் தளர்வதையும் ஒரே வேர் சுமக்கிறது. பணி நின்றுவிட்டது என்பதாலேயே தளர்ச்சி நீங்கிவிட்டதாகக் கொள்ள முடியாது. விதி அளப்பது முதற்பொருளை. நமக்குக் கவலை தருவது இரண்டாம் பொருள்.

அப்படியானால் இரண்டாம் பொருளையும் விதிக்குள் கொண்டுவர வேண்டியதுதானே? அங்கேதான் தயங்குகிறேன். களைப்பு தருவன அனைத்தையும் எண்ணத் தொடங்கினால், கைக்குழந்தையோடு விழித்திருந்த இரவையும், ஊருக்குக் கார் ஓட்டிச் சென்ற பத்து மணி நேரத்தையும், நோயுற்ற தாய்க்கருகே அமர்ந்திருந்ததையும் எண்ண வேண்டும். அவற்றை எண்ணாமல் வானில் கழித்த மகிழ்ச்சியான மணியை மட்டும் எண்ணுவது பாதுகாப்பாகாது. அது விமானியின் ஓய்வின்மீதும் நிறுவனத்துக்கு உரிமை தருவதாகும். பணிநேர வரம்பு தொழிலாளியைக் கட்டும் கயிறாக உருவாகவில்லை. வேலை வாங்குவோரைத் தடுக்கும் வேலியாகவே உருவானது. வேலியின் முகத்தைத் திருப்பி நட்டால், பாதுகாக்கப்பட வேண்டியவர் சிறைப்பட்டவராவார்.

அந்த மகிழ்ச்சி வீணானதும் அன்று. 1983 ஜூலை 23 அன்று கனடாவில், எரிபொருளை அளப்பதில் நேர்ந்த அலகுப் பிழையால், ஏர் கனடாவின் போயிங் 767 விமானம் ஒன்று நடுவானில் எரிபொருள் தீர்ந்து இரு எஞ்சின்களையும் இழந்தது. அதன் தலைவர் பாப் பியர்சன் கிளைடர் ஓட்டுவதில் நல்ல பயிற்சி உடையவர். உயரம் மிகுந்து ஓடுபாதையைத் தாண்டிவிடும் நிலை வந்தபோது, பக்கவாட்டில் சறுக்கவிட்டு உயரத்தைக் குறைக்கும் உத்தியை அப்பெரிய விமானத்தில் கையாண்டு, கிம்லி என்னும் பழைய வான்படைத் தளத்தில் இறக்கினார். விமானத்தில் இருந்த 69 பேரும் உயிர் பிழைத்தனர். பெரும்பகுதி நேரம் தானியங்கி செலுத்தும் இன்றைய விமானத்தில், கையால் காற்றை உணரும் பழக்கத்தை எந்தப் பணி அட்டவணை தரும்?

ஆனால் இந்த உரிமை பெரும்பாலும் ஏட்டில்தான் இருக்கிறது. ஆண்டுக்கு 1000 மணி என்றால் வாரத்துக்கு இருபது மணிகூட ஆகவில்லையே என்று வெளியிலிருப்போர் வியப்பர். புறப்படுவதற்காக விமானம் நகரத் தொடங்கியதிலிருந்து பயணம் முடிந்து நிற்கும்வரை உள்ளது மட்டுமே பறப்பு நேரம். முன்னாயத்தம், காத்திருப்பு, இரு பயணங்களுக்கு இடையிலான மணிகள் எவையும் அதில் அடங்கா. உதவிப் பேராசிரியருக்கு வாரம் 16 மணி நேரக் கற்பித்தல் என்று பல்கலைக்கழக மானியக் குழு சொல்வதைக் கேட்டு, ‘மீதி நேரமெல்லாம் ஓய்வுதானே’ என்று உறவினர் சொல்வது நமக்குப் புதிதா? வரம்பை இலக்காக்கி அட்டவணை வகுத்தால், விடுப்பு நாள் முழுதும் உடலைத் தேற்றுவதிலேயே கழிந்துவிடும். பறக்க உரிமை இருக்கும். பறக்கத் தெம்பு இராது. விமானிகளின் விருப்பப் பறப்பைக் குறைப்பது தடைவிதி அன்று. விளிம்புவரை நிரப்பப்பட்ட பணி அட்டவணைதான்.

எனவே என் கருத்து இது. மகிழ்ச்சிக்கான பறப்பு எண்ணிக்கைக்கு வெளியே இருக்கட்டும்; பொறுப்புக்கு வெளியே இருக்க வேண்டாம். பணிக்கு வரும் விமானி ஓய்வெடுத்தவராகவும் தகுதியுடனும் வர வேண்டும் என்று அமெரிக்க விதிகள் இப்போதே கோருகின்றன. ஞாயிறன்று அளவுமீறிப் பறந்தவர் திங்களன்று ‘என்னால் இயலாது’ என்று சொல்லக் கடமைப்பட்டவர். அப்படிச் சொல்பவரின் ஊதியத்தையோ பதவி உயர்வையோ தொடாதிருக்க நிறுவனம் கடமைப்பட்டது. இரண்டாவது கடமை இல்லாத இடத்தில் முதற்கடமையை எதிர்பார்ப்பது அறமாகாது.

என் ஆய்வுக்குத் தொடர்பே இல்லாத ஒரு மொழியைச் சென்ற கோடை விடுமுறையில் கற்கத் தொடங்கினேன். ‘ஆய்வேட்டுக்கு இதனால் என்ன பயன்?’ என்று ஒரு மூத்த ஆய்வாளர் கேட்டார். பயன் எதுவும் இல்லை என்றேன்; அது உண்மை. ஆனால் மொழியியலுக்கு நான் ஏன் வந்தேன் என்பதை அந்த இரண்டு மாதங்களில்தான் மீண்டும் நினைவுகூர்ந்தேன். ஞாயிறன்று கிளைடரில் ஏறும் விமானியும் அதையே தேடுகிறார் என்று எண்ணுகிறேன். அந்த ஒரு மணியை எவர் கணக்கிலும் எழுத வேண்டாம்.

மாற்றுக் கருத்துடைய நண்பர்கள், குறிப்பாக விமானத்துறையை உள்ளிருந்து அறிந்தவர்கள், மறுத்து எழுதினால் மகிழ்வேன்.