முடிச்சைக் காட்டு!

ஊருக்குப் புறப்படும் அவசரத்தில், கதவைப் பூட்டியது யார் என்று தகராறு நடக்காத வீடு உண்டா? "நீங்கள் பூட்டியிருப்பீர்கள் என்றல்லவா நினைத்தேன்!" என்பாள் மனைவி. "நீ பூட்டியிருப்பாய் என்று நான் நினைத்தேன்!" என்பார் கணவர். வீடோ 'ஆ'வென்று திறந்து கிடக்கும். போனால் நாலு பாத்திரம் போகும். ஆனால், இதே தவறு பாறை உச்சியில் நடந்தால்?

பாறைக்கும் நமக்கும் என்ன சம்பந்தம் என்று பக்கத்தைப் புரட்டிவிடாதீர்கள். கும்மிடிப்பூண்டி சிப்காட்டில் வாரமெல்லாம் இயந்திரத்தோடு மல்லாடும் பிள்ளைகள், ஞாயிற்றுக்கிழமை வந்தால் "பாறை ஏறப் போகிறேன், அம்மா" என்று பையைத் தூக்கும் காலம் இது. பெண்களும் சளைத்தவர்கள் அல்ல!

திருவள்ளூர் மாவட்டத்தில், பூண்டிக்கு அருகே குடியம் குகைகள் இருக்கின்றன. கற்கால மனிதன் ஒதுங்கிய இடம். அந்தப் பாறை, கூழாங்கற்களை மாவில் போட்டுப் பிசைந்த மாதிரி இருக்கும். பிடித்த கல் கையோடு வந்துவிடலாம். அதைக் கண்ணால் பார்த்து மகிழ்வதோடு சரி. ஏறிப் பழக, நல்ல பயிற்சியாளர் இருக்கும் இடமே வேண்டும்.

பாறை ஏறுவது இருவர் கலை. ஒருவர் இடுப்புப் பட்டையில் கயிற்றை எட்டு வடிவ முடிச்சாகக் கட்டிக்கொண்டு ஏறுவார். மற்றவர் கீழே நின்று, தம் இடுப்பில் மாட்டிய கருவி வழியாகக் கயிற்றை விட்டும் இழுத்தும் பிடிப்பார். ஏறுபவர் கை நழுவினால், கீழே இருப்பவரின் பிடிதான் உயிர். அந்தக் கை கயிற்றை ஒரு நொடிகூட விடக் கூடாது. கொசு கடித்தாலும் சரி, டெலிபோன் அடித்தாலும் சரி!

லின் ஹில் என்ற அமெரிக்கப் பெண்மணி உலகப் புகழ் பெற்ற பாறையேறி. 1989-ல் பிரான்ஸில் ஒரு சாதாரணப் பாறையில் ஏறினார். முடிச்சைப் போடத் தொடங்கியவர், பாதியில் விட்டுவிட்டுக் காலணியை எடுக்கப் போனார். அணிந்திருந்த மேல்சட்டை அந்த அரைகுறை முடிச்சை மறைத்துவிட்டது. உச்சிக்குப் போய், இறங்குவதற்காகக் கயிற்றில் சாய்ந்தார். கயிறு உருவிக்கொண்டது! சுமார் 70 அடி உயரத்திலிருந்து விழுந்தவரை, மரக் கிளைகள்தாம் தாங்கி உயிரைக் காத்தன. முழங்கை பிசகி, பாதமும் அடிபட்டது. மனம் தளராத அந்த மாதரசி, 1993-ல் கலிபோர்னியாவின் எல் காபிடன் பாறையில், 'மூக்கு' என்று பெயர் பெற்ற சுமார் 3,000 அடிப் பாதையை, கருவிகளைப் பற்றி ஏறாமல் கையாலும் காலாலுமே ஏறி முடித்தார். அதற்கு முன் யாரும் அப்படி ஏறியதில்லை.

கெட்டிக்காரிக்கே இந்தக் கதி என்றால், காரணம் என்ன? பழக்கம்தான். "அவளுக்குத் தெரியாததா!" என்ற நம்பிக்கைதான். நம் வீடுகளில் இதோடு மரியாதையும் சேர்ந்துகொள்ளும். "அண்ணா, முடிச்சைக் காட்டுங்கள்" என்று கேட்கத் தங்கை கூச்சப்படுவாள். கேட்டால் அண்ணாவுக்குக் கோபம் வரும். பாறைக்கு அண்ணனும் தெரியாது, தங்கையும் தெரியாது.

ஆகவே, உங்கள் பிள்ளையோ பெண்ணோ கிளம்பும்போது, கட்டுச்சோற்றோடு இதையும் கட்டிக்கொடுங்கள்: தரையை விட்டுக் கால் எழும்புமுன், ஒவ்வொரு தடவையும், ஒருவர் முடிச்சையும் பட்டையையும் மற்றவர் கண்ணால் பார்த்து, கையால் தொட்டுச் சரிபார்க்க வேண்டும். கயிற்றின் மறு நுனியிலும் ஒரு முடிச்சு வேண்டும்; இல்லாவிட்டால், கயிறு குட்டையாக இருக்கும்போது நுனி நழுவி ஓடிவிடும். மேலிருந்து கல் விழும். இருவர் தலையிலும் கவசம் வேண்டும். "ஏறலாமா?" என்று கேட்டு, "ஏறு" என்ற பதில் காதில் விழுந்த பிறகே ஏற வேண்டும்.

சந்தேகப்படுவது அன்பில்லாமை என்று யார் சொன்னது? இரவில் எல்லோரும் படுத்த பிறகு, நீங்கள் எழுந்து போய்த் தாழ்ப்பாளை இன்னொரு தரம் தொட்டுப் பார்க்கிறீர்களே, அது அன்பில்லாமல் வேறு என்ன?