வரிசையின் கடைசி ஆள்

சிப்பாய்கள் வரிசையாக நடந்துபோகும் காட்சி. பின்னால முரசுச் சத்தம். மேலே கனத்த குரலில ஒரு வசனம்: களைத்தாலும் நிற்காதே. இப்பிடி ஒரு ரீல்ஸையாவது நாங்கள் எல்லாரும் பார்த்திருப்பம். சோதனைக்கு முதல்நாள் இரவு ஆளாளுக்கு அனுப்பியும் இருப்பம்.

ஆனால் சிப்பாய்கள் உண்மையில நெடுந்தூரம் எப்பிடி நடக்கினம் எண்டு தேடிப் பார்த்தால், விசயம் தலைகீழ். இராணுவத்தைப் புகழ எங்களுக்கு ஒரு தேவையும் இல்லை. சப்பாத்துச் சத்தத்தைப் பயத்தோட கேட்ட ஊர்கள் எங்கட ஊர்கள். எண்டாலும், சிப்பாயைக் காட்டி எங்களுக்குச் சொல்லப்படுற இந்தப் பொய்யைக் கொஞ்சம் அவிழ்த்துப் பார்க்கலாம்.

அமெரிக்க இராணுவம் 1990இல் வெளியிட்ட நடைக் கையேட்டின் கணக்கு இது. ஒரு காலடி 30 அங்குலம். நிமிடத்துக்கு 106 காலடி. அப்பிடி 50 நிமிடம் நடந்தால் கிட்டத்தட்ட 4 கிலோமீற்றர் வரும். மிச்சப் 10 நிமிடமும் ஓய்வு. அதாவது மணிக்கு 4 கிலோமீற்றர் எண்டு அவர்கள் சொல்லும் வேகத்துக்குள்ளேயே ஓய்வும் அடக்கம். முதல் ஓய்வு இன்னும் வேளைக்கே வந்துவிடும்: 45 நிமிடம் நடந்தவுடன 15 நிமிடம். அந்த நேரம் பெரிசா ஒருத்தரும் களைச்சிருக்க மாட்டினம். ஆனாலும் நிண்டு, சப்பாத்து, காலுறை, முதுகுப்பையின்ர வார் எல்லாத்தையும் சரிபார்க்கவேணும். கால் கொப்பளிச்ச பிறகு நிண்டு என்ன பிரயோசனம்?

சரி, அவசரமாகப் போகவேண்டி வந்தால்? அப்பவும் முக்கியமாகக் கூட்டுவது நடக்கும் மணித்தியாலங்களைத்தான், வேகத்தை இல்லை.

இந்தக் கணக்குக்குப் பின்னால இருக்கிறது தனி ஆளின்ர உடம்பு மட்டுமில்லை, வரிசை. நீண்ட வரிசை ஆர்மோனியத் துருத்தி மாதிரி சுருங்கி விரியும். முன்னால போறவர் ஒரு மேட்டில கொஞ்சம் தயங்கினால், பின்னால வாறவை முட்டிக்கொண்டு நிற்பினம். அவர் மேட்டைத் தாண்டிப் பழைய வேகத்துக்குத் திரும்பினால், கடைசி ஆள் ஓடித்தான் பிடிக்கவேணும். தூரம் எல்லாருக்கும் ஒண்டுதான். ஆனால் முன்னால இருக்கிறவருக்கு அது நடை, பின்னால இருக்கிறவருக்கு ஓட்டம். முன்னவருக்கு அது தெரியவும் தெரியாது.

நெப்போலியனுக்கு எதிராக ஸ்பெயினில் பிரித்தானியப் படையை நடத்திய ரொபேர்ட் கிறோஃபேர்டுக்கு இது நல்லாத் தெரியும். வழியில தண்ணிக் குட்டை வந்தால் சுத்திப் போகக்கூடாது, நேரே இறங்கி நடக்கவேணும் எண்டது அவரின் கட்டளை. முன்னால ஒருத்தர் விலகும் சில நொடிகள், பின்வரிசைக்குப் போய்ச்சேரும்போது நிமிடங்களாகிவிடும். மீறினவைக்குச் சவுக்கடி. கணக்குச் சரி, சவுக்குத்தான் பிழை.

கி.மு. 401இல் பாரசீகத்திலிருந்து பின்வாங்கிய கிரேக்கப் படையில நடந்த கதை இன்னும் நல்லது. எதிரிகளுக்கு முன்னால ஒரு மலையுச்சியைப் பிடிக்கவேணும். ஸெனஃபோன் குதிரையில இருந்தபடி, வீட்டையும் பிள்ளைகளையும் நினைச்சு விரைந்து ஏறச் சொல்லி ஆட்களை உற்சாகப்படுத்துறார். சொத்தெரிடாஸ் எண்ட சிப்பாய் கேட்கிறார்: நீர் குதிரையில வாறீர், நான் கேடயத்தைச் சுமந்துகொண்டு சாகிறன், ரெண்டும் ஒண்டா? ஸெனஃபோன் குதித்திறங்கி, அவரை வரிசையிலிருந்து தள்ளிவிட்டு, கேடயத்தை வாங்கிக்கொண்டு தானே நடக்கிறார். ஆனால் குதிரைவீரர்களின்ர மார்புக்கவசம் பாரம். தான் சொன்ன வேகத்துக்குத் தன்னாலயே ஈடுகொடுக்க ஏலாமல், பின்னால வாறவையைத் தன்னைத் தாண்டிப் போகச்சொல்கிறார். மற்றச் சிப்பாய்கள் கல்லெறிஞ்சும் ஏசியும் சொத்தெரிடாஸிடமே கேடயத்தைத் திருப்பி எடுக்க வைச்சவை. கதை ஸெனஃபோன் எழுதினது, அதனால அவருக்குச் சாதகமாகத்தான் முடியுது. ஆனால் எங்களுக்கு அந்தக் கேள்விதான் மிஞ்சுது.

நெதர்லாந்தின் நைமேகன் நகரில் யூலை மாதத்தில் நடக்கும் நாலு நாள் நடையில, சிப்பாய்கள் 10 கிலோ சுமையோட 160 கிலோமீற்றர் நடக்கினம். முடிவில பூ குடுத்து வரவேற்பினம். 1942 ஏப்ரலில் பிலிப்பைன்ஸின் பட்டானில் சரணடைந்தவர்களை யப்பானிய இராணுவம் கிட்டத்தட்ட 100 கிலோமீற்றர் நடத்திக்கொண்டு போனது. ஏற்கெனவே பசியாலும் மலேரியாவாலும் மெலிஞ்சிருந்த ஆட்கள். தண்ணி மறுக்கப்பட்டது. பின்தங்கினவை கொல்லப்பட்டினம். ஆயிரக்கணக்கானவர்கள் வழியிலேயே செத்துப்போச்சினம். நிற்காதே எண்ட சொல்லை உண்மையாகவே நடைமுறைப்படுத்தினால் கிடைக்கிறது அதுதான்.

ஆகவே ஓய்வு சோம்பேறியின்ர சலுகை இல்லை. அது நடையின்ர பாதி. வேகத்தைத் தீர்மானிக்கவேண்டியவர் முன்னால நிற்கும் பலசாலியும் இல்லை, கடைசி ஆள்தான்.

இதை எங்களுக்கும் சேர்த்துத்தான் சொல்றம். குழு வேலைகளில, வாசிப்பு வட்டங்களில, போராட்டங்களில முன்னால ஓடிக்கொண்டு, பின்னால வாறவைக்கு அக்கறை இல்லை எண்டு நாங்களும் எத்தினை தரம் கதைச்சிருக்கிறம்! அவை ஓடிக் களைச்சு வந்துசேரேக்க, எங்கட ஓய்வு முடிஞ்சு நாங்கள் எழும்பியிருப்பம்.

இனி ஆராவது "களைத்தாலும் நிற்காதே" எண்டு சொன்னால், ஒரு கேள்வி மட்டும் கேட்பம்: நீங்கள் வரிசையில எங்க நிற்கிறியள்? இல்லாட்டிக் குதிரையிலயா?