வாட்டை எண்ணுறம், குப்பையை எண்ணுறேல்லை



இந்த வாரப் பகுதியில அமெச்சூர் ரேடியோ பற்றிக் கதைச்சம். நேரம் போனதால சொல்லாமல் விட்ட கோபம் ஒண்டு இருக்கு. அதை இங்க எழுதுறன்.

எர்லாங்கனில என்ர பல்கனியில ஒரு வயர் ஆன்டெனா, 5 வாட் பெட்டி. போன ஞாயிறு 20 மீற்றரில ஒரு மெல்லிய குரலைப் பிடிச்சுக்கொண்டிருந்தன். பக்கத்து அலைவரிசையில ஒருத்தர் பெரிய அம்பிளிஃபயரோட வந்தார். அவர் சொல்ற ஒவ்வொரு சொல்லுக்கும் என்ர பக்கம் 'கர்ர்' எண்டு இரைச்சல். மெல்லிய குரல் போயிட்டுது.

கல்யாண ஹோலில ஸ்பீக்கரை முழுசாத் திருப்பினால் பாட்டு கரகரக்கும் தானே? இதுவும் அதே கதைதான். தாங்கிறதுக்கு மேல உந்தினால் அம்பிளிஃபயர் புதுச் சத்தங்களைத் தானே உண்டாக்கும். 700, 1900 ஹெர்ட்ஸ் எண்டு இரண்டு சத்தம் உள்ள போனால், 3100 ஒண்டும் வெளிய வரும் (1900இன் இரு மடங்கில 700ஐக் கழிச்சுப் பாருங்கோ). எஸ்.எஸ்.பி குரலுக்கு 2700 அளவே போதும். மிச்சம் பக்கத்து வீட்டுக்குள்ள விழுது.

ஜெர்மன் விதியில ஏ வகுப்பு உரிமத்துக்கு 750 வாட் உச்சம். தெளிவான எண். தேவையில்லாத அலைகளை மட்டும் 'முடிஞ்சளவு குறைக்க வேணும்' எண்டு சொல்லுது. முடிஞ்சளவு எண்டால் எவ்வளவு?

கணக்கைப் பாருங்கோ. 750 வாட்டில குப்பை 20 டெசிபெல் மட்டும் கீழ இருந்தால், அது 7.5 வாட். என்ர முழுப் பெட்டியை விடக் கூட! 50 டெசிபெல் கீழ எண்டால் 0.0075 வாட். அம்பிளிஃபயர் எப்படிக் கெடுக்குது எண்டு அளந்து, சிக்னலை முன்கூட்டியே எதிர்ப்பக்கம் வளைச்சு அனுப்பினால் அந்தளவு சுத்தம் கிடைக்கும். மொபைல் கோபுரங்கள் கனகாலமாச் செய்யிற வேலை இது.

இன்னொண்டு: 100 வாட்டை 750 ஆக்கினாலும் கேக்கிறவரின்ர எஸ்-மீற்றரில ஒண்டரைப் படி கூட ஏறாது.

'விதி கூடினால் வீட்டில செய்யிற ஆக்கள் செத்துப்போவினம்' எண்டு சிலர் சொல்லுவினம். சரியான பயம். சொந்தமாச் செய்த பெட்டியைப் பாவிக்கிற உரிமை அமெச்சூர் ரேடியோவின்ர உயிர். அதில கை வைக்க வேண்டாம். ஆனால் கடையில விக்கிற அம்பிளிஃபயருக்கு, ஒரே முறையில அளந்த குப்பை அளவைப் பெட்டியில அச்சடிக்கச் சொல்லலாம். ஃபிரிட்ஜுக்கே மின்சார லேபிள் இருக்கு.

இது பொழுதுபோக்குக்காரரின்ர சண்டை மட்டும் இல்லை. 2004 டிசம்பர் 26, சுனாமி அடிச்ச நேரம் பாரதி பிரசாத் போர்ட் பிளேயரில அமெச்சூர் ரேடியோவோட இருந்தா. தொடர்பு அறுந்த அந்தமானில இருந்து அவவின்ர ரேடியோ வழியாச் செய்தி வெளிய போனது. அப்படி ஒரு குரல் வரேக்க, பக்கத்தில ஆரும் கரகரக்கக் கூடாது.

2024இல வந்த என் வகுப்பு உரிமம் 10 வாட்டோட தொடங்குது. எடுக்க நினைக்கிறீங்களா? எடுங்கோ. ஆனால் அம்பிளிஃபயர் வாங்க முதல் கடைக்காரரிட்ட ஒரு கேள்வி கேளுங்கோ: 'குப்பை எத்தனை டெசிபெல் கீழ?' பதில் வந்தால் எனக்கும் எழுதுங்கோ.