வக்கீலும் என்ஜினீயரும் ஒரே மேஜையில்!

காசிமேட்டில் மீன் விற்கும் பெண்ணின் கையில் இன்று செல்போன். எண்ணூர் ஆலைத் தொழிலாளியின் சட்டைப் பையிலும் செல்போன். அவசரக் கடன் வேண்டுமா? செயலியைத் தட்டினால் சில நிமிடங்களில் பணம்!

தவணை தவறினால்? அங்கேதான் வினை! போனில் உள்ள பெயர்ப் பட்டியலை முன்பே உருவி வைத்திருந்த சில செயலிக்காரர்கள், சம்பந்தி வீடுவரை போன் போட்டு மானத்தை வாங்கினார்கள்.

பெயர்ப் பட்டியல், படங்கள், பேசிய விவரம் எதையும் கடன் செயலிகள் தொடக்கூடாது என்று 2022-ல் ரிசர்வ் வங்கி தடை போட்டது. 2023-ல் பாராளுமன்றமும் தனிநபர் தகவல் பாதுகாப்புச் சட்டம் இயற்றியது. சம்மதம் கேட்கும் அறிவிப்பைத் தமிழிலும் படிக்க வசதி வேண்டும். கொடுத்த சம்மதத்தை அதே சுலபத்தோடு திரும்பப் பெறவும் வழி வேண்டும். தகவலைக் காக்கத் தவறினால் அபராதம் 250 கோடி ரூபாய் வரை! 2025 நவம்பரில் விதிகள் வெளியாயின. முக்கியக் கடமைகளுக்கு 18 மாத அவகாசம்.

சட்டம் வக்கீலுக்குத் தெரியும். செயலியைச் செய்பவரோ என்ஜினீயர். எல்லாம் முடிந்தபின் வக்கீலிடம் காட்டுவது, வீட்டைக் கட்டிவிட்டு மனைப் பத்திரத்தைத் தேடுவது போல.

கடனை அடைத்த ஒருவர் சம்மதத்தை ரத்து செய்கிறார். "எல்லாவற்றையும் அழிக்கலாமா?" என்பார் என்ஜினீயர். "கணக்கு இருக்கட்டும், அதற்கு வேறு சட்டம் உண்டு. மற்றதை அழியுங்கள். வசூல் ஏஜெண்டிடம் போன நகலையும்தான்!" என்பார் வக்கீல். நகல் இன்னும் எங்கெங்கே போயிற்று? அதை என்ஜினீயர்தான் காட்ட வேண்டும்.