இரவலுக்கென்று ஒரு மட்டச் சாமான் வாங்கி வைப்பவர்களுக்கு

கொஞ்சம் நீளமான இழை. பொறுமையாகப் படிங்க. வீட்டில் டிரில் மெஷின், கட்டிங் மெஷின், உளி, சுத்தியல் வைத்திருப்பவர்களுக்கும், அதைப் பக்கத்து வீட்டில் கேட்டு வாங்குபவர்களுக்கும் எழுதுகிறேன். அதாவது ஏறக்குறைய எல்லாருக்கும்.

நம்ம பக்கம் ஒரு பழக்கம் இருக்கு. நல்ல சாமான் ஒன்றைத் தனக்கென்று பூட்டி வைப்பது. யாராவது கேட்டால் கொடுக்க, மலிவாக இன்னொன்றை வாங்கிப் போடுவது. "நல்லதக் குடுத்தா திரும்பி வராது டாக்டர், வந்தாலும் முழுசா வராது" என்பார்கள். பணக் கணக்கில் அது சரிதான். நான் எழுதுவது அந்தக் கணக்குக்கு எதிராக.

இரவல் கேட்டு வருவது யார்? வருஷத்துக்கு ஒரு தடவை ஆணி அடிப்பவர். தொழிலாளியிடம் அவருக்கென்று சொந்தச் சாமான் இருக்கும், அதன் குணமும் தெரியும். இந்தச் சுத்தியல் தலை ஆடும், இந்த ஸ்பேனர் வாய் கொஞ்சம் விரிஞ்சது என்று கை தானாகவே ஒதுங்கும். இரவல் வாங்குபவருக்கு இரண்டும் கிடையாது. பழக்கமே இல்லாத கைக்கு, இருப்பதிலேயே மோசமான சாமானை நாம்தான் தேடிக் கொடுக்கிறோம். அது எங்கே போய் முடிகிறது என்பதை நான் காயம் தைக்கும் மேஜையில் பார்க்கிறேன்.

ஸ்டெதஸ்கோப் இரவல் கேட்டால் எங்கள் முகம் மாறுவதையும் நீங்கள் பார்க்கலாம். வார்டில் கொடுத்துத் திரும்பி வராத ஸ்டெதஸ்கோப்புக்குக் கணக்கே இல்லை. ஆனாலும், காது கேட்காத ஒன்றை இரவலுக்கென்றே வைத்திருக்கும் மருத்துவரை நான் பார்த்ததில்லை. அதைக் காதில் மாட்டிக்கொண்டு நோயாளியைப் பார்க்கப் போவது இன்னொரு ஆள் என்று எங்களுக்குத் தெரியும்.

முத்தையாபுரத்துக்கு இது கூடுதலாகப் பொருந்தும். ஸ்பிக், அனல் மின் நிலையம், துறைமுகம், உப்பளம், படகு என்று சுற்றிலும் கையில் சாமான் பிடிக்கும் ஆட்கள். "அண்ணாச்சி, அந்த டிரில்லைக் கொஞ்சம் குடுங்க, பத்து நிமிசத்துல தாரேன்" என்ற குரல் கேட்காத தெரு கிடையாது. போதாததற்கு உப்புக் காற்று. மதுரையில் பத்து வருஷம் பளபளப்பாக இருக்கும் சாமான் இங்கே எண்ணெய் காட்டாமல் கிடந்தால் சீக்கிரமே துருவேறிப் போகும். மேல்பூச்சு மட்டும் மினுங்குகிற மட்ட இரும்பு என்றால் கேட்கவே வேண்டாம்.

முதலில் உளி. சுவர் உடைக்க, போல்ட் வெட்ட எடுக்கும் இரும்பு உளியைச் சொல்கிறேன்.

நல்ல உளியில் வெட்டும் முனையை மட்டும் கடினப்படுத்தியிருப்பார்கள். நாம் அடிக்கும் தலை கொஞ்சம் மெதுவாக இருக்கும், சில்லு தெறிக்கக் கூடாது என்பதற்காக. அடிபட்டு அடிபட்டு அந்தத் தலை காளான் குடை மாதிரி விரியும். விரிந்த ஓரத்தை அவ்வப்போது தேய்த்துச் சரிவாக்கிவிட வேண்டும். தேய்க்காமல் விட்டால் ஓரம் கீறி, அடுத்த அடியில் சில்லாகத் தெறிக்கும். மட்ட உளி ஒன்று மாவு மாதிரி சீக்கிரம் விரியும், இல்லையென்றால் தலை முதல் முனை வரை ஒரே கடினமாக இருந்து கண்ணாடி மாதிரி உடையும். தெருவெல்லாம் சுற்றி வரும் இரவல் உளியை யார் தேய்ப்பார்கள்? என்னுடையது இல்லையே என்று வாங்கியவர் விட்டுவிடுவார், இரவலுக்கு வைத்ததுதானே என்று கொடுத்தவரும் விட்டுவிடுவார்.

அந்தச் சில்லு கடுகில் பாதி இருக்கும். வேகமாக வந்தால் கருவிழியைத் துளைத்துக்கொண்டு உள்ளே போய்விடும். நுழைந்த ஓட்டை மிகச் சிறியது என்பதால் தானே மூடிக்கொள்வதும் உண்டு. லேசாக உறுத்தும், கண் கொஞ்சம் சிவக்கும். பார்வை தெளிவாகவே இருக்கலாம். ஏமாறுவது இங்கேதான். "நல்லாத்தான் தெரியுது, தூசிதான்" என்று சொல்லி, சேலை முந்தானையை ஊதி ஒற்றடம் கொடுத்து, சில வீடுகளில் தாய்ப்பால் விட்டு, அவரைப் படுக்க வைத்துவிடுவார்கள்.

உள்ளே இருப்பது இரும்பு. கிருமியோடு போயிருந்தால் சில நாளில் கண் முழுக்கச் சீழ் வைக்கலாம். கிருமி இல்லாவிட்டாலும் இரும்பு கண்ணுக்குள்ளேயே மெல்லக் கரைந்து விழித்திரையைக் கெடுக்கும். சிடரோசிஸ் என்று பெயர். மாதக்கணக்கில், சில நேரம் வருஷக்கணக்கில் கழித்துத்தான் பார்வை மங்கும். அதற்குள் அந்த உளி அடித்த நாளே மறந்து போயிருக்கும்.

அதனால், இரும்பின் மேல் இரும்பு அடித்தபோது கண்ணில் ஏதோ பட்டது என்றால், பார்வை நன்றாக இருந்தாலும் அன்றைக்கே கண் மருத்துவரிடம் போங்க. தேய்க்காதீங்க, தண்ணீரைப் பீய்ச்சி அடிக்காதீங்க. சொட்டு மருந்து, தாய்ப்பால், எண்ணெய் எதுவும் வேண்டாம். ஒரு பேப்பர் கப்பைக் கண் மேல் அழுத்தம் படாமல் கவிழ்த்து ஒட்டிக்கொண்டு கிளம்புங்க. "சுத்தியலால் அடித்தபோது தெறித்தது" என்ற அந்த ஒரு வரியை மறக்காமல் சொல்லுங்க. எக்ஸ்ரே, சி.டி. எடுப்பார்கள். எம்.ஆர்.ஐ. மட்டும் கூடாது, அந்தக் காந்தம் உள்ளே இருக்கும் இரும்பை அசைத்துவிடும்.

ஒரு சுத்தியலை இன்னொரு சுத்தியலால் அடிப்பவர்களுக்கும் இதே பேச்சுதான். இரண்டு முகமும் கடினமானவை, ஏதாவது ஒன்று தெறிக்கும்.

திருப்புளி, ஸ்பேனர் பற்றி நீட்ட வேண்டியதில்லை. மட்டத் திருப்புளியின் முனை ஸ்க்ரூவில் மழுங்கி வழுக்கும். வலது கையில் திருப்புளி, இடது கையில் பிடித்த பொருள் என்றால் வழுக்கிய முனை இடது உள்ளங்கையில்தான் இறங்கும். வெளியே சின்ன ஓட்டைதான் தெரியும். உள்ளே விரலை மடக்கும் தசைநாணும் நரம்பும் அறுந்திருக்கலாம். அந்தக் காயத்துக்கு பேண்டேஜ் ஒட்டும் முன் ஒவ்வொரு விரலையும் மடக்கிப் பாருங்க, விரல் நுனியில் தொடு உணர்ச்சி இருக்கா என்றும் பாருங்க. வாய் விரிந்த ஸ்பேனரால் பெரும்பாலும் முட்டி பெயர்வதோடு போகும்.

டெஸ்டர்தான் எனக்குப் பயம். வீட்டிலேயே விலை குறைந்த சாமான் அது. ஆனால் அதன் பின்தலையில் கட்டைவிரலை வைத்து, முனையை 230 வோல்ட்டில் விடுகிறோம். இரண்டுக்கும் நடுவே உயிரைக் காப்பது உள்ளே இருக்கும் ஒரு சின்ன ரெசிஸ்டர் மட்டும்தான். மின்சாரத்தை ஒரு மில்லிஆம்பியருக்கும் கீழே அது நிறுத்தி வைக்கிறது. அந்த ரெசிஸ்டர் ஒழுங்காக இருக்கிறதா என்று வெளியிலிருந்து பார்த்துச் சொல்ல முடியாது. டெஸ்டரைத் திருப்புளியாகத் திருகி, உளியாகத் தட்டி, உறை வெடித்ததும் இரவலுக்குத் தள்ளிவிடும் வீடுகள் இருக்கு. தயவுசெய்து அதைக் குப்பையில் போடுங்க.

பிளக் அறுந்த டிரில்லும் அப்படித்தான். இரண்டு வயரைச் சாக்கெட்டில் சொருகித் தீக்குச்சி வைத்து அடைக்கும் கலை நம்மிடம் இன்னும் சாகவில்லை. ஈரத் தரையும் வியர்த்த உடம்புமாக நிற்கும் இந்த ஊரில் அதற்குத் துணிச்சல் என்று பெயர் வைக்க எனக்கு மனசு வரலை. வீட்டு மெயினில் 30 மில்லிஆம்பியர் ஆர்.சி.சி.பி. இருக்கிறதா என்று எலக்ட்ரீஷியனிடம் கேளுங்க.

அடுத்து கட்டிங் மெஷின். நாலு இஞ்ச் மெஷின் நிமிடத்துக்குச் சுமார் 11,000 சுற்று சுற்றும். 100 மில்லிமீட்டர் வீலின் விளிம்பு அப்போது மணிக்கு 200 கிலோமீட்டருக்கு மேல் ஓடுகிறது. வீல் உடைந்தால் துண்டு அந்த வேகத்தில்தான் வரும். அதைத் தடுக்க இருப்பது மூடி ஒன்றுதான். இரவல் மெஷினில் முதலில் காணாமல் போவது அந்த மூடி. அடுத்தது பக்கக் கைப்பிடி, கூடவே சாவி. பிறகு மர ரம்பத் தட்டை அதில் மாட்டுவார்கள். அந்தத் தட்டின் ஓட்டை 20 மில்லிமீட்டர், மெஷினின் இருக்கை 16. நடுவில் உட்காராமல் ஆடும், மரத்தில் சிக்கி உதைக்கும். உதைத்த மெஷின் தொடைக்கோ கழுத்துக்கோ தாவும். மர ரம்பத் தட்டு அந்த மெஷினுக்கு உரியதே இல்லை.

நல்ல கட்டிங் வீலின் நடு வளையத்தில் காலாவதி மாதமும் ஆண்டும் குத்தியிருக்கும். மாத்திரை அட்டையில் தேதி பார்க்கும் நீங்கள் இதையும் பாருங்க.

விரல் துண்டாகிவிட்டால்: காயத்தைச் சுத்தமான துணியால் அழுத்திக் கட்டி, கையை உயர்த்திப் பிடிங்க. துண்டை ஈரத் துணியில் சுற்றி பிளாஸ்டிக் பையில் போட்டு, அந்தப் பையை ஐஸில் வைங்க. துண்டு நேராக ஐஸில் படக் கூடாது. அதையும் எடுத்துக்கொண்டு கிளம்புங்க.

"எல்லாத்துலயும் விலை கூடினதை வாங்கச் சொல்றீங்களா?" என்று கேட்பீர்கள். இல்லை. விலை குறைவு வேறு, மட்டம் வேறு. அரவிந்த் கண் மருத்துவமனை 1992-இல் மதுரையில் அரோலேப் தொடங்கியது. கண்புரை அறுவையில் வைக்கும் லென்ஸ் அப்போது நூறு டாலரைத் தொட்டுக்கொண்டிருந்தது. அதைப் பத்து டாலருக்குள் கொண்டுவந்தார்கள். தரத்தைக் குறைத்து அல்ல, இங்கேயே ஏராளமாகத் தயாரித்து. அதனால் விலைச் சீட்டை மட்டும் பார்த்து எதையும் தள்ளவும் வேண்டாம், கொள்ளவும் வேண்டாம்.

நான் பார்ப்பது ஒன்றுதான்: இது கைவிட்டால் கெடுவது வேலையா, உடம்பா? இஞ்ச் டேப், கொத்துக் கரண்டி, வாளி, பெயின்ட் பிரஷ் மலிவாக வாங்குங்க, உடைந்தால் வேலை ஒரு நாள் தள்ளும். உளி, சுத்தியல், டெஸ்டர், கட்டிங் வீல், ஏணி, எக்ஸ்டென்ஷன் வயர் இவற்றில் நூறு ரூபாய் மிச்சம் பிடிக்க வேண்டாம். வயரில் ஐ.எஸ்.ஐ. முத்திரை பாருங்க. ஸ்பேனரில் குரோம் வனேடியம் என்ற எழுத்தை மட்டும் நம்பாதீங்க, எழுத்து குத்துவது சுலபம். பட்டறைக்காரரிடம் கேட்டால் ஓர் அரத்தை வைத்து இழுத்துப் பார்ப்பார். கடினமான எஃகில் அரம் வழுக்கும், மட்ட இரும்பைச் சுரண்டி எடுக்கும்.

தினக்கூலிக்குப் போகிறவரிடம் இதையெல்லாம் சொல்வது எளிது, வாங்குவது கஷ்டம், தெரியும். மட்டச் சாமானை வருஷத்துக்கு மூன்று தடவை வாங்குபவர் அவர்தான், கையில் மொத்தமாகக் காசு இல்லாததால். தமிழக அரசின் கலைஞர் கைவினைத் திட்டத்தில் 25 வகைத் தொழில்களுக்கு 3 லட்சம் ரூபாய் வரை கடனும், அதில் 25 சதவீதம், அதிகபட்சம் 50,000 ரூபாய் மானியமும் உண்டு. உங்கள் தொழில் அதில் வருகிறதா என்று மாவட்டத் தொழில் மையத்தில் கேளுங்க.

இரவலே கொடுக்காதே என்று நான் சொல்லமாட்டேன். ஒரு டிரில்லுக்காக இரண்டு வீடு ஆறு மாசம் முகம் பார்க்காமல் இருந்ததும் நடந்திருக்கு. கொடுங்க, நீங்கள் பயன்படுத்தும் அதே சாமானையே கொடுங்க. மூடி, கைப்பிடி, சாவி, பாதுகாப்புக் கண்ணாடி எல்லாம் ஒரே பையில் இருக்கட்டும், பை பிரியக் கூடாது. பார்வைக்குப் போடும் மூக்குக் கண்ணாடி இதற்குப் போதாது, பக்கவாட்டு மறைப்பு இருக்காது. கட்டிங் மெஷின் என்றால் கூடவே நீங்களும் போங்க. முத்துக் குளிக்கிறவன் இடுப்புக் கயிற்றை மச்சான்தான் பிடிப்பான் என்று இந்தக் கரையில் சொல்லக் கேட்டிருப்பீங்க. அந்த மாதிரி ஓர் ஆள் பக்கத்தில் நிற்கட்டும். போக நேரமில்லையா, "ஞாயித்துக்கிழமை வாரேன், நானே அறுத்துத் தாரேன்" என்று சொல்லுங்க.

வாங்கிப் போகிறவருக்கும் ஒரு வேலை உண்டு. ஏதாவது ஆடியது, கீறியது, பொறி பறந்தது என்றால் திருப்பிக் கொடுக்கும்போது வாயைத் திறந்து சொல்லுங்க. மறைத்து வைத்துவிட்டு வந்தால் அடுத்து எடுப்பவருக்குத் தெரியாது.

எப்போதும் கேட்கும் கேள்விக்கும் பதில் சொல்லிவிடுகிறேன். துருப்பிடித்த ஆணி குத்தினால்தான் டெட்டனஸ் வரும் என்பது சரியில்லை. துருவில் எதுவும் இல்லை, அந்தக் கிருமியின் விதைகள் மண்ணிலும் சாணத்திலும் இருக்கின்றன. புத்தம்புது திருப்புளி குத்தினாலும் அதில் மண் ஒட்டியிருந்தால் போதும். ஆழமான காயம், கடைசி ஊசி போட்டு ஐந்து வருஷம் தாண்டிவிட்டது, அல்லது எப்போது போட்டது என்றே ஞாபகம் இல்லை என்றால் டி.டி. ஊசி போட்டுக்கோங்க. ஆரம்ப சுகாதார நிலையத்திலேயே போடுவார்கள்.

இன்றைக்கு வீட்டுக்குப் போனதும் உளியை எடுத்துத் தலையைப் பாருங்க. விரிந்திருந்தால் நாளைக்கே பட்டறையில் கொடுத்துத் தேய்த்து வாங்குங்க. அதுவரைக்கும் யார் கேட்டாலும் இல்லைன்னு சொல்லிடுங்க.