விவாகமும் விசாவும்

வைகாசியும் ஆவணியும் பிறந்துவிட்டால் வடபகுதியிற் கலியாண மண்டபங்களுக்கு ஓய்வில்லை. இலண்டனிலிருந்தும் ரொறன்ரோவிலிருந்தும் மூன்று வார விடுமுறையில் மாப்பிள்ளைமார் வந்திறங்குகின்றனர். பொருத்தம் பார்க்கப்படுகிறது, சீதனம் பேசப்படுகிறது, எழுத்து நடைபெறுகிறது, தாலி ஏறுகிறது. மாப்பிள்ளை திரும்பவும் விமானம் ஏறிய பின்னரே, “இனிப் பெண்ணை எந்த வழியால் அனுப்புவது?” என்ற கேள்வி வீட்டில் எழுகிறது. முதலிற் கேட்கவேண்டியதை நாம் கடைசியிற் கேட்கிறோம். இவ்வழக்கம் மாற வேண்டும் என்பதையே இன்று எமது வாசகர்களுக்கு வற்புறுத்த விரும்புகிறோம்.

இது தனித்தனிக் குடும்பங்களின் சொந்த விவகாரம் என்று சிலர் கூறக்கூடும். நாம் அவ்வாறு கருதவில்லை. விசாவின் பெயரால் தோட்டக் காணி ஈடு வைக்கப்படுகிறது. உறுதி முகவரின் மேசைக்குப் போகிறது. மணமான பெண் ஆண்டுக்கணக்கிற் பெற்றோர் வீட்டிற் காத்திருக்கிறாள். மருத்துவரின் வீட்டிலும் மிளகாய்த் தோட்டக்காரனின் வீட்டிலும் இதே கதைதான். ஒரு சமூகத்தின் நிலத்தையும் பெண்களின் இளமையையும் தின்னும் விடயம் பொது விடயமேயாகும்.

முதலில் எழுத்தைப் பற்றிச் சொல்லவேண்டும். எம்மவரிற் பலர் எழுத்தை நிச்சயதார்த்தத்தின் மறுபெயராக எண்ணுகின்றனர். விசா விண்ணப்பத்திற்கு ஒரு பத்திரம் வேண்டும், அதற்காக எழுதி வைப்போம், கலியாணத்தைப் பிறகு பார்ப்போம் என்பது அவர்கள் கணக்கு. சட்டத்தின் கணக்கு வேறு. பதிவாளர் முன் ஒப்பமிட்ட அந்நாளே இருவரும் கணவனும் மனைவியுமாவர். 1907ஆம் ஆண்டின் விவாகப் பதிவுக் கட்டளைச் சட்டத்தின் கீழ் அப்பிணைப்பை அறுக்க மாவட்ட நீதிமன்றம் செல்லவேண்டும். அங்கும் விபசாரம், வன்மத்துடன் கைவிடுதல், விவாக வேளையிலேயே இருந்த தீராத ஆண்மையின்மை ஆகிய மூன்றில் ஒன்றை நிரூபித்தாக வேண்டும். ‘விசா மறுக்கப்பட்டது’ என்பது விவாகரத்துக்குக் காரணமாகாது.

தேசவழமைக்கு உட்பட்ட பெண்ணுக்கு இன்னுமொரு விளைவு உண்டு. 1911ஆம் ஆண்டின் 1ஆம் இலக்க யாழ்ப்பாண விவாக உரிமைகள், முதுசக் கட்டளைச் சட்டத்தின்படி மணமான பெண் தன் சொந்தக் காணியைக் கூடக் கணவனின் எழுத்து மூலச் சம்மதமின்றி விற்கவோ ஈடு வைக்கவோ முடியாது. அவன் இருக்குமிடம் தெரியாவிட்டால், அல்லது நியாயமின்றிச் சம்மதம் தர மறுத்தால், நீதிமன்றத்தை நாடி அச்சம்மதத்திற்குப் பதிலாகக் கட்டளை பெறவேண்டும். ஒரு பத்திரத்திற்காக அவசரமாக வைத்த ஒப்பம், சீதனக் காணியின் மீது கண்ணுக்குத் தெரியாத பூட்டாகிவிடுகிறது. எனவே எழுத்து வைக்கும் முன்னரே எந்த நாட்டுக்கு, எந்த வழியால் என்பது முடிவாக வேண்டும்.

பிரித்தானியாவை எடுத்துக்கொள்வோம். அங்கே வாழும் துணைவரோடு சேர இரு முக்கிய வழிகள் உண்டு. ஒன்று, மணம் செய்யப் போகிறவருக்கான விசா. அது ஆறு மாதங்களுக்கு வழங்கப்படுவது. அக்காலத்துள் அங்கேயே விவாகம் செய்து, மீண்டும் கட்டணம் செலுத்தி, வதிவதற்கான அனுமதிக்கு விண்ணப்பிக்க வேண்டும். அதுவரை வேலை செய்ய முடியாது. மற்றையது, விவாகத்தை இங்கேயே செய்துகொண்டு வாழ்க்கைத் துணைவராக விண்ணப்பிப்பது. இதன்கீழ் 33 மாத அனுமதி கிடைக்கிறது. சென்ற நாள்முதல் வேலை செய்யலாம். பின்னர் 30 மாத நீடிப்பு. தற்போதைய ஒழுங்கில் ஐந்தாண்டு நிறைவில் நிரந்தர வதிவுக்கு விண்ணப்பிக்கலாம்.

முதலாம் வழி இலகுவானது போலத் தோன்றும். ஆனால் இரு முறை விண்ணப்பம், இரு முறை கட்டணம் என்பதோடு அதில் வேறோர் ஆபத்தும் உண்டு. துணைவராகச் சென்ற பெண் கணவனின் கொடுமைக்கு ஆளானால், தனித்து நிரந்தர வதிவு கோர அந்நாட்டு விதிகள் இடமளிக்கின்றன. அவளை இங்கே கொண்டுவந்து கைவிட்டுச் செல்லும் கொடுமைக்கும் 2024 ஜனவரி 31 முதல் அவ்விதிகளிற் பரிகாரம் உண்டு. மணம் செய்யப் போகிறவர் என்ற நிலையிற் சென்றவளுக்கு இப்பாதுகாப்பு இல்லை. மகளை அனுப்பும் தந்தை கட்டணப் பட்டியலைப் பார்ப்பதற்கு முன் இதைப் பார்க்க வேண்டும்.

இரு வழிக்கும் பொதுவான தடை வருமானம். 2012 ஜூலையில் 18,600 பவுணாக விதிக்கப்பட்ட ஆண்டு வருமான எல்லை 2024 ஏப்ரல் 11 முதல் 29,000 பவுணாக உயர்த்தப்பட்டது. துணைவர் வெளிநாட்டிலிருந்து விண்ணப்பிக்கும்போது பிரித்தானியாவில் இருப்பவரின் உழைப்பே கணக்கிற் கொள்ளப்படும். இங்குள்ளவர் வைத்தியராயினும் பொறியியலாளராயினும் அவர் சம்பளம் சேராது. வருமானமின்றிச் சேமிப்பை மட்டும் காட்டுவதானால் 88,500 பவுண் ஆறு மாதமாவது கையில் இருந்திருக்க வேண்டும். வைத்திய சேவைக்கான மேல்வரி ஆண்டொன்றுக்கு 1,035 பவுண். 33 மாத அனுமதிக்கு 3,105 பவுண். விண்ணப்பக் கட்டணம் இதற்குப் புறம்பானது. அடிப்படை ஆங்கிலப் பரீட்சையும் உண்டு. “மாப்பிள்ளைக்கு இலண்டனிலே நல்ல வேலை” என்று தரகர் சொல்லும்போது, எவ்வளவு சம்பளம், எத்தனை மாதமாக, எந்தச் சான்றோடு என்று கேட்பது மரியாதைக் குறைவன்று. குடிவரவு அதிகாரி எப்படியும் கேட்கப் போகும் கேள்வியைப் பெண் வீட்டார் முந்திக் கேட்கிறார்கள், அவ்வளவே.

கனடாவின் ஒழுங்கு வேறு. 2002இல் நடைமுறைக்கு வந்த சட்டத்திற்குப் பின்னர் அங்கே மணம் செய்யப் போகிறவருக்கென்று குடும்பப் பிரிவில் இடமில்லை. சட்டப்படி மணந்த துணைவர், ஓராண்டு தொடர்ந்து சேர்ந்து வாழ்ந்த துணைவர், மணக்கவோ சேர்ந்து வாழவோ இயலாது தடுக்கப்பட்ட துணைவர் ஆகிய மூவகையினரே அனுமதிக்கப்படுகின்றனர். பிள்ளைகளற்ற துணைவரை அழைப்பதற்குப் பொதுவாக வருமான எல்லை இல்லை. ஆனால் அழைப்பவர், அரசின் உதவிப் பணத்தில் வாழ்பவராக இருத்தலாகாது. அங்கவீனத்திற்கான உதவி மட்டும் விலக்கு. அவர் மூன்றாண்டுப் பொறுப்பையும் எழுதிக் கொடுக்கிறார். மணம் முறிந்தாலும் அப்பொறுப்பு முறியாது.

கனடாவுக்கும் இரு வாயில்கள் உண்டு: வெளிநாட்டிலிருந்து விண்ணப்பித்தல், கனடாவுக்குள் சேர்ந்து வாழ்ந்துகொண்டு விண்ணப்பித்தல். உள்ளே இருப்பவர் பிரிவின்றி வாழலாம். வேலை அனுமதியும் கோரலாம். இது பெரும் நன்மையே. ஆனால் வெளியிலிருந்து செய்த விண்ணப்பம் மறுக்கப்பட்டால், அழைத்தவர் குடிவரவு மேன்முறையீட்டுப் பிரிவுக்குச் சென்று வழக்கை முழுமையாக மீள எடுத்துரைக்கலாம். உள்ளிருந்து செய்தது மறுக்கப்பட்டால் அம்மேன்முறையீடு இல்லை. சமஷ்டி நீதிமன்றத்தின் மீளாய்வை மட்டும் நாடலாம். மூன்று வார அறிமுகத்தில் நடந்த கலியாணங்களையே அதிகாரிகள் சந்தேகத்தோடு நோக்குவதால், மேன்முறையீட்டு உரிமையை இலேசாக விட்டுவிடலாகாது என்பது எமது கருத்து.

இன்னும் இரு பொறிகளைச் சொல்லாமல் விடமுடியாது. 2015 ஜூன் முதல், மணமக்கள் இருவரும் நேரிற் பங்குபற்றாது பிரதிநிதி மூலமோ தொலைபேசி மூலமோ செய்த விவாகத்தைக் கனடாவின் குடிவரவு விதிகள் ஏற்பதில்லை. இரண்டாவது இதனினும் கொடியது. நிரந்தர வதிவு கிடைக்கும் தறுவாயில் மனைவி இருப்பதை மறைத்தவர், பின்னர் அம்மனைவியைக் குடும்பப் பிரிவில் அழைக்க இயலாது. 2019இல் சில வகையினருக்கு மட்டும் இதிலிருந்து தளர்வு வழங்கப்பட்டது. “எழுதினதைச் சொல்லாதே, தனியாள் என்று போடு” என்று முகவர் சொல்லும் புத்திமதி, கட்டிய மனைவியைக் கடலுக்கு இப்பால் நிரந்தரமாக நிறுத்திவிடக் கூடும். பொய் கூறியது வெளிப்பட்டால் ஐந்தாண்டு நுழைவுத் தடையும் உண்டு.

ஐக்கிய அமெரிக்காவில் மணம் செய்யப் போகிறவருக்கான விசா உண்டு. ஆனால் அந்நாட்டுக் குடிமக்கள் மட்டுமே அதற்கு அழைக்கலாம். நிரந்தர வதிவுரிமை மட்டும் பெற்றவர்களுக்கு அவ்வழி மூடப்பட்டுள்ளது. பொதுவாக இருவரும் முந்திய ஈராண்டுக்குள் நேரிற் சந்தித்திருக்க வேண்டும். போய்ச் சேர்ந்த 90 நாட்களுக்குள் மணம் நடைபெற வேண்டும். கோயிலிற் தாலி கட்டி, விருந்தும் வைத்துப் படமும் எடுத்துவிட்டு, ‘இன்னும் மணமாகாதவர்’ என்று இவ்விசாவுக்கு விண்ணப்பிப்பது தானே தன் வழக்கைத் தோற்பதாகும். வழமைப்படி நடந்த விவாகத்தையும் எமது நாட்டுச் சட்டம் விவாகமாக ஏற்கக்கூடியது என்பதை அதிகாரிகளும் அறிவர்.

சுருங்கக் கூறின், எங்கும் பொருந்தும் ஒரே வழி என்று ஒன்றில்லை. அழைப்பவர் குடிமகனா, வதிவுரிமை மட்டும் பெற்றவரா? அவரது உழைப்பு எவ்வளவு? விவாகம் எங்கே நடைபெறும்? போகிறவர் சென்றவுடன் வேலை செய்ய முடியுமா? மறுக்கப்பட்டால் மேன்முறையீடு உண்டா? உறவு முறிந்தால் போனவருக்குப் பாதுகாப்பு என்ன? இவ்வாறு கேள்விகளையும் எழுத்துக்கு முன்னர் இரு வீட்டாரும் சேர்ந்திருந்து கேட்கட்டும். விதிகள் அடிக்கடி மாற்றப்படுவதால், விண்ணப்பிக்கும் நாளில் உள்ள விதியையே பார்க்கட்டும். ஒரு வழி விரைவானது என்பதால் மாத்திரம் அது நல்ல வழியாகிவிடாது. உல்லாசப் பயணியாகப் போய் இலண்டனில் இருந்துவிடலாம் என்பதும் அத்தகைய பேச்சே. பயணியாக நுழைந்தவர் அங்கிருந்தபடியே துணைவர் நிலைக்கு மாறப் பிரித்தானியாவின் பொது விதிகள் இடமளிப்பதில்லை.

எமது மக்களுக்குப் புத்தி சொல்வதோடு நிற்க நாம் விரும்பவில்லை. கணவனும் மனைவியும் சேர்ந்து வாழ்வது உரிமையா, பணமுள்ளோருக்கான சலுகையா என்ற கேள்வி வல்லரசுகளின் முன்னும் வைக்கப்பட வேண்டியது. பிரித்தானியாவில் வதிந்த மூன்று பெண்கள் தம் கணவன்மாரை அழைக்க முடியாமையை எதிர்த்துத் தொடுத்த வழக்கில், ஆண்களுக்கொரு நீதி பெண்களுக்கொரு நீதி என்பது பாரபட்சமே என்று 1985இல் ஐரோப்பிய மனித உரிமைகள் நீதிமன்றம் தீர்த்தது. அவ்வரசு செய்தது யாது? பெண்களுக்கு வழியை அகட்டாது ஆண்களுக்கும் வழியை ஒடுக்கிச் சமத்துவம் கண்டது! விவாகத்தின் பிரதான நோக்கம் குடியேற்றமன்று என்று நிரூபிக்கும் சுமையைத் தம்பதியர் மீது சுமத்திய விதி 1997இல் நீக்கப்பட்டது. 2012இல் வருமான எல்லை வந்து அவ்விடத்தைப் பிடித்தது. 2017இல் அந்நாட்டு உயர் நீதிமன்றம் எல்லை விதித்தலைச் சட்டபூர்வமானதென ஏற்றபோதிலும், பிள்ளைகளின் நலன் போதியளவு கவனிக்கப்படவில்லை என்பதைச் சுட்டிக்காட்டத் தவறவில்லை.

அரசுகள் கீறும் கோடு குடும்பத்தின் நடுவே செல்வது எத்தகையது என்பதை நாம் பிறர் சொல்லி அறியவேண்டியதில்லை. 1964இல் சிறிமா - சாஸ்திரி ஒப்பந்தம் மலையகத் தமிழரை எண்ணிக்கையாகப் பங்கிட்டபோது, ஒரே லயத்தில் வாழ்ந்தோர் இரு நாட்டுப் பிரசைகளாக்கப்பட்டனர். உற்றார் உறவினர் பிரிந்து கப்பலேறினர். அன்று அவர்களுக்காகக் குரலெழுப்பாதோர் இன்று தம் பிள்ளைகளின் விசாவுக்காக மட்டும் கண்ணீர் வடிப்பது அழகன்று. குடும்பம் பிரிக்கப்படலாகாது என்பது கொள்கையானால், அது எல்லோருக்கும் உரிய கொள்கையாக இருத்தல் வேண்டும்.

இலண்டனிலும் ரொறன்ரோவிலும் எம்மவர் இன்று வாக்காளர்கள். கோயில் திருவிழாவுக்கும் விளையாட்டுப் போட்டிக்கும் பாராளுமன்ற உறுப்பினரை அழைத்து மாலையிடும் சங்கங்கள், 29,000 பவுண் எல்லையைக் குறைக்க அவர் என்ன செய்தார் என்று அதே மேடையில் கேட்கட்டும். இங்குள்ள சட்டத்தரணிகளுக்கும் கடமை உண்டு. மாதத்தில் ஒரு நாள் ஒவ்வொரு பிரதேசத்திலும் கட்டணமின்றி அமர்ந்து, எழுத்துக்கு முன் வரும் குடும்பங்களுக்கு வழி கூறுவது எம்மால் இயலாத காரியமன்று. முகவர் வாழ்வது மக்களின் அறியாமையால்; அறிந்தவர் வாய் திறந்தால் அவர் கடை தானே மூடும்.

விவசாயப் பெருமக்களுக்கு இறுதியாக ஒரு வார்த்தை. மகளுக்குக் கொடுக்கும் காணி அவள் எந்த நாட்டில் விழுந்தாலும் எழுந்து நிற்பதற்கான தரை. அதை ஈடு வைத்து வாங்கும் பொய்ப் பத்திரம் ஒரு நாளிற் கிழிந்துவிடும். மெய்யான பத்திரத்தோடு, மெய்யான வழியில், ஆறு மாதம் பிந்திப் போனாலும் அவள் தலைநிமிர்ந்து போகட்டும். நாள் பார்க்கும் முன் வழி பாருங்கள்.