பச்சை குத்திய பிள்ளையைப் பள்ளிவாசலுக்கு வெளியே நிறுத்தலாமா?

அண்மையில் கிளிவெட்டியில் பஸ்ஸுக்காக நின்றபோது என்னிடம் முன்பு படித்த மாணவன் ஒருவனைக் கண்டேன். கொளுத்தும் வெயிலிலும் முழுக்கைச் சட்டை. விசாரித்ததும் கையை மடித்துக் காட்டினான். முழங்கைக்குக் கீழே ஒரு தேள்.

“நோகல்லையா மகன்?” என்றேன்.

“ஊசி ஏறக்குள்ள சூடு வெச்ச மாதிரி எரிஞ்சிச்சி சேர். அதத் தாங்கினேன். பொறகு வந்த புண்ணத்தான் தாங்க ஏலாமப் போச்சி.”

வாப்பாவுக்குப் பயந்து புண்ணைச் சட்டைக்குள் மறைத்திருக்கிறான். வீங்கி, சீழ் வைத்து, காய்ச்சல் வந்த பிறகே டாக்டரிடம் போயிருக்கிறான். கை ஆறிவிட்டது. ஆனால் “உனக்கு இனி வுழூ கூடாது” என்று யாரோ சொன்னதிலிருந்து அவன் ஜும்ஆவுக்கு வருவதில்லை.

பச்சை குத்துவதை மார்க்கம் தடுத்துள்ளது. குத்துபவரையும் குத்திக்கொள்பவரையும் நபி (ஸல்) அவர்கள் சபித்த ஹதீஸ் புகாரியில் உள்ளது. இதில் விட்டுக்கொடுப்புக்கு இடமில்லை. ஆனால் மை தோலின் மேலே பூசப்படுவதல்ல. ஊசி மேல்தோலைத் தாண்டி உட்தோலில் அதை இறக்குகிறது. உடலின் பாதுகாப்புக் கலங்கள் மையை விழுங்கி அங்கேயே வைத்துக்கொள்கின்றன. அவை இறந்தால் புதிய கலங்கள் அதே மையை ஏற்றுக்கொள்வதை, எலிகளை வைத்துப் பிரான்ஸில் நடந்த ஆய்வொன்று 2018இல் காட்டியது. அதனால்தான் பச்சை அழிவதில்லை. வுழூவின் தண்ணீர் மேல்தோலை அடைவதற்கு அது தடையுமில்லை. தவ்பாச் செய்தவரின் வுழூவும் தொழுகையும் கூடும் என்றே உலமாக்கள் விளக்குகிறார்கள்.

புண்ணைப் பற்றியும் பேச வேண்டும். முதல் சில நாட்கள் சிவந்து நீர் கசியும். பிறகு பொருக்குத் தட்டி, அரித்து, உரியும். மேல்தோல் ஆற இரண்டு முதல் நான்கு வாரங்கள் செல்லும். சிவப்பு பரவினால், சீழ் வடிந்தால், காய்ச்சல் வந்தால் அன்றே வைத்தியரிடம் போக வேண்டும். சுத்தமில்லாத ஊசியால் ஹெபடைடிஸ் பி, சி, எச்.ஐ.வி. தொற்றலாம். வீட்டில் அடி விழும் என்ற பயமே பிள்ளையை வைத்தியசாலையிலிருந்து தூரமாக்குகிறது.

நம் கல்யாண வீடுகளையும் பார்ப்போம். ‘கறுப்பு மருதாணி’ என்று விற்கப்படுவதில் பெரும்பாலும் தலைமுடிச் சாயத்தில் சேரும் பி.பி.டி. இரசாயனம் கலந்திருக்கும். அது சிலருக்குக் கொப்புளமும் தழும்பும் உண்டாக்கும். உண்மையான மருதாணி செம்மண் நிறத்தில்தான் பிடிக்கும். ஆகுமான அலங்காரம் என்பதற்காக அதைச் சோதிக்காமல் விடுகிறோம்.

தோலைப் பார்த்துத் தீர்ப்பளிப்பதன் விளைவை நம் நாடே கண்டது. 2014 ஏப்ரலில் கையில் புத்தர் உருவத்தைப் பச்சை குத்தியிருந்த பிரித்தானியத் தாதி நயோமி கோல்மன் கட்டுநாயக்கவில் கைதாகி நாடுகடத்தப்பட்டார். அவர் ஒரு பௌத்தர். அவரது அடிப்படை உரிமைகள் மீறப்பட்டதாக 2017 நவம்பரில் உயர் நீதிமன்றம் தீர்ப்பளித்து நட்டஈடு வழங்கியது. உடையையும் தாடியையும் வைத்துச் சந்தேகிக்கப்பட்ட நாம், அந்த வலியை அறியாதவர்களா?

குத்துவதற்கு முன் தடுப்பது நம் கடமை. அதை வகுப்பறையிலும் குத்பாவிலும் காரணத்தோடு சொல்வோம். குத்திய பின் அவனைத் துரத்துவது எவருடைய கடமையுமல்ல. வரும் வெள்ளிக்கிழமை என்னோடு வரச் சொல்லியிருக்கிறேன். ஸஃப்பில் அவனுக்குப் பக்கத்தில் நான் நிற்பேன், இன்ஷா அல்லாஹ்.